கப்பலோட்டினவரும் நாயக்கரும்: ரெண்டு தீபாவளிப் படம், ஒரே ஊர்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.)

இந்த வாரம் கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான்.

புது டீம்ல சேர்ந்த முதல் வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்துல ஒருத்தர் கேட்டார், "சொந்த ஊர் எது?" தூத்துக்குடின்னு சொன்னேன். உடனே அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னாடி இழுத்துக்கிட்டு, "ஐயோ, அருவா எதுவும் வெச்சிருக்கீங்களா?"ன்னார். மேசையே சிரிச்சது. நானும் சிரிச்சேன். பத்து வருஷமா இந்த ஜோக்குக்குச் சிரிச்சுப் பழகிட்டேன். மக்ரூன் வாங்கிட்டு வாங்கன்னு யாராவது சொன்னா அன்னைக்கு எனக்குத் திருவிழா.

இந்த அருவா எங்க இருந்து வந்துச்சு? சினிமாவுல இருந்துதான். 2000க்கு அப்புறம் வந்த தென்மாவட்டப் படங்கள்ல தூத்துக்குடின்னா ஒரு உப்பளம், ஒரு துறைமுகம், ஒரு டாடா சுமோ, நாலு கொலை. அந்தப் படங்களைப் பத்தி இன்னைக்குப் பேசப் போறதில்ல. அதுங்களுக்குப் பெரிய பேரும் கிடையாது, அதனால அந்தப் பேருக்குத் தகுதியான்னு கேட்கவும் வேண்டாம்.

நான் பேசப் போறது ரெண்டு படம். ரெண்டுக்குமே பெரிய பேர் இருக்கு. ரெண்டுமே தீபாவளிக்கு வந்த படங்கள். ஒண்ணு 1961ல வந்த 'கப்பலோட்டிய தமிழன்'. இன்னொண்ணு 1987ல வந்த 'நாயகன்'. முதல் படத்தோட ஹீரோ வ.உ.சி., தூத்துக்குடியில கப்பல் கம்பெனி நடத்தினவர். ரெண்டாவது படத்தோட வேலு நாயக்கருக்கு நிஜத்துல தூண்டுதலா இருந்தவர் வரதராஜ முதலியார், பம்பாயோட பெரிய தாதா. அவர் பிறந்த ஊரும் தூத்துக்குடிதான், 1926ல.

ஒரே ஊர். ஒருத்தர் கப்பல் வாங்க பம்பாய்க்குப் போனார். இன்னொருத்தர் பிழைக்க பம்பாய்க்குப் போய், விக்டோரியா டெர்மினஸ் ஸ்டேஷன்ல மூட்டை தூக்கினார். ஒரு படம் கிளாசிக், ஒரு படம் கேங்ஸ்டர் கிளாசிக். இதுங்களுக்கு இருக்கிற பேர் நியாயமானதுதானா? எனக்கு இது வெறும் சினிமா ரசனைக் கேள்வி இல்ல. அந்த அருவா ஜோக்குக்கான பதில் இதுக்குள்ள எங்கயோ இருக்குன்னு தோணுது.

நாயகன்ல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அதைத்தான் எல்லாரும் பார்த்திருக்கீங்க.

1987 அக்டோபர் 21. அதே நாள் ரஜினியோட 'மனிதன்' படமும் ரிலீஸ். மணிரத்னம் இயக்கம், பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு, தோட்டா தரணி கலை, பாலகுமாரன் வசனம், இளையராஜாவுக்கு அது 400வது படம். கமலுக்கும் ஸ்ரீராமுக்கும் தோட்டா தரணிக்கும் தேசிய விருது. அந்த வருஷம் ஆஸ்காருக்கு இந்தியா அனுப்பின படம். 2005ல டைம் பத்திரிகை போட்ட எல்லாக் காலத்துக்குமான 100 படங்கள் பட்டியல்லயும் இருக்கு. படத்துல நாம பார்க்கிற தாராவியில பெரும்பகுதி சென்னையில வீனஸ் ஸ்டுடியோவுல போட்ட செட். எனக்கு இது தெரிஞ்ச அன்னைக்கு மறுபடி போட்டுப் பார்த்தேன். அப்பவும் என்னால செட்டுன்னு நம்ப முடியல.

நாயகனைத் திட்டுறவங்க வழக்கமா சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். காட்ஃபாதர் காப்பி. அதுல உண்மை இல்லாம இல்ல. மகன் சாவு, உடம்பைப் பார்க்கிற அப்பா, வீட்டு வாசல்ல உதவி கேட்டு நிக்கிற ஜனம், எல்லாத்துலயும் 1972 காட்ஃபாதரோட நிழல் இருக்கு. ரெண்டாம் பாகத்தைப் பார்த்தவங்களுக்கு ஆரம்பமும் பழகின மாதிரி இருக்கும். சின்னப் பையன் விட்டோ, குடும்பத்தைக் கொன்னுடுறாங்க, தப்பிச்சு அமெரிக்காவுக்குக் கப்பல்ல போறான். வேலு ரயில் ஏறி பம்பாய் போறான்.

ஆனா ஒரு புரோகிராமரா சொல்றேன், காப்பி அடிச்ச கோட்ல எதை மாத்தியிருக்காங்கன்னு பார்க்கிறதுதான் சுவாரசியம். விட்டோவோட அப்பாவைக் கொன்னது ஊர் மாஃபியா. வேலுவோட அப்பாவைக் கொல்றது போலீஸ். ஏன்? அவர் தொழிற்சங்கத் தலைவர். பையன் பின்னாடியே போய் அப்பா ஒளிஞ்சிருக்கிற இடத்தைக் கண்டுபிடிச்சுச் சுடுறாங்க. பையன் அந்தப் போலீஸ்காரரைக் குத்திட்டு ஓடுறான்.

அடுத்து கடைசிக் காட்சி. பம்பாய்ல வேலு கொன்ன இன்ஸ்பெக்டர் கேல்கரோட மகன், மனவளர்ச்சி இல்லாத பையன். அந்தக் குடும்பத்துக்கு வேலுதான் உதவி பண்றார். அப்பாவைக் கொன்னது யாருன்னு தெரிஞ்ச நாள்ல, கோர்ட்ல விடுதலையாகி வெளிய வர்ற வேலுவை அந்தப் பையன் சுட்டுடுறான். யோசிச்சுப் பாருங்க. அப்பாவைக் கொன்னவனைக் கொல்ற ஒரு பையன்ல படம் ஆரம்பிக்குது. அப்பாவைக் கொன்னவனைக் கொல்ற இன்னொரு பையன்ல முடியுது. முதல் தடவை நாம கை தட்டினோம். அதே கணக்கு திரும்பி வந்து நம்ம ஆள் மேல விழும்போது கை தட்ட முடியல. இது காட்ஃபாதர்ல கிடையாது. பேரன் கேட்கிற அந்தப் பிரபலமான கேள்வியை மீம் போட்டே தேய்ச்சுட்டோம். படம் அதுக்குப் பதில் சொல்ற இடம் இந்தக் கடைசித் துப்பாக்கிதான். இந்த ஒரு வடிவத்துக்காகவே, நாயகனுக்கு இருக்கிற பேர் நியாயம்னு நான் சொல்லுவேன்.

படமா அப்படி. ஆனா வரலாறா?

எங்க அத்தை ஒருத்தங்க கல்யாணமாகி தாராவிக்குப் போனவங்க. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் இருந்து போன குடும்பங்கள் அங்க தெருத் தெருவா இருக்கு. போன டிசம்பர்ல ஊருக்கு வந்திருந்தாங்க. நான் மைக்கை நீட்டி, "அத்தை, நாயகன் பார்த்தீங்களா?"ன்னு கேட்டேன். "பாத்தேன்யா. கமல் நல்லா அழுதாரு"ன்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் பேசல. "ஒங்க மாமாவோட அப்பா குடிச்சே செத்தாருய்யா. அந்தச் சரக்கை யாரு காய்ச்சினாங்கன்னு அந்தப் படத்துல வருதா?"

வராது. இல்லைன்னா, வந்த மாதிரி நமக்கு ஞாபகம் இருக்காது. வேலுன்னா நமக்கு ஞாபகம் வர்றது கடத்தல், கடல், படகு, போலீசை ஏமாத்துற சாமர்த்தியம். நிஜத்துல வரதராஜ முதலியாரைப் பெரிய ஆளாக்கினது கள்ளச்சாராயம். பம்பாய்ல 1949 சட்டத்தோட மதுவிலக்கு வந்துச்சு. சட்டம் கடையை மூடுச்சு, குடிக்கிறவங்களோட தாகத்தை மூடல. ஆன்டாப் ஹில், தாராவி, கோலிவாடான்னு ஜனம் நெருங்கி வாழ்ற இடங்கள்ல அடுப்பு எரிஞ்சது. டீசல் டின், ரப்பர் ட்யூப், போலீசுக்கு மாமூல். குடிச்சவங்க யாரு? மில்லுலயும் துறைமுகத்துலயும் தோல் பட்டறையிலயும் வேலை செஞ்சு வந்த அதே ஜனம். அத்தையோட மாமனார் குடிச்சது யாரோட சரக்குன்னு எனக்குத் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது. ஆனா கேள்வி சரியான கேள்வி. நாலு பேருக்குச் சோறு போட்ட காசு அந்த நாலு பேர் பையில இருந்தே வந்த காசா இருந்தா, அதுக்கு என்ன பேர் வைக்கிறது?

இன்னொரு பக்கமும் சொல்லணும், இல்லைன்னா அத்தையே என்னைத் திட்டுவாங்க. 1966ல சிவசேனா ஆரம்பிச்ச காலத்துல அவங்க முதல் இலக்கு 'மதராசி'கள்தான். தமிழ் பேசுற கூலிக்காரங்களுக்குப் போலீசும் கிடையாது, கட்சியும் கிடையாது. அப்ப ரேஷன் கார்டு வேணும், குழாய்த் தண்ணி வேணும், ஆஸ்பத்திரியில படுக்கை வேணும்னா யார்கிட்ட போவாங்க? மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்துல வரதா போடுற கணபதி பந்தல் நகரத்துக்கே பேச்சா இருந்தது. அங்க வர்ற ஜனம் பயத்துல மட்டும் வரல. 80களின் நடுவுல போலீஸ் நெருக்கினதும் அவர் சென்னைக்கு வந்துட்டார். 1988ல இறந்தார். அதாவது நாயகன் ஓடிக்கிட்டிருந்த கொஞ்ச மாசத்துல. உடம்பைப் பம்பாய்க்குக் கொண்டு போனாங்க, பெரிய கூட்டம். நோயில சாவு, துப்பாக்கியால இல்ல. கேல்கர் மகன் மாதிரி யாரும் கணக்குத் தீர்க்க வரல.

இப்ப நான் கேட்க நினைச்ச கேள்விக்கு வர்றேன். நிஜ வரதராஜனோட அப்பா தொழிற்சங்கத் தலைவர்னு எங்கயும் நான் படிச்சதில்ல. அது படம் சேர்த்தது. ஏன் சேர்த்தாங்க? ஏன்னா சாராயம் காய்ச்சினவனை நேரடியா ஹீரோவாக்க முடியாது. அவனுக்கு ஒரு நியாயமான பிறப்பு வேணும். போலீஸ் சுட்டுக் கொன்ன தொழிலாளர் தலைவரோட மகன்னு சொன்னா, அடுத்த ரெண்டு மணி நேரத்துக்கு அவன் என்ன செஞ்சாலும் நாம மன்னிச்சுடுவோம்.

அந்தப் பிறப்பு நம்பும்படியா இருக்கு, அதுதான் விஷயம். எங்க ஊர்ல அது கதையே இல்ல. 2018 மே 22ஐ நான் விளக்க வேண்டாம். 13 பேர். சாத்தான்குளத்தையும் விளக்க வேண்டாம். அதனால நாயகன்ல போலீஸ்காரர் சாகுற காட்சிக்கு எங்க ஊர்ல விழுற கைதட்டல்ல வேற ஒரு சத்தம் இருக்கு. அதை வெளியூர்க்காரங்க ரவுடித்தனம்னு எடுத்துக்கிறாங்க.

ஆனா தூத்துக்குடியில நிஜமாவே ஒரு தொழிலாளர் தலைவர் இருந்தார். அவரைப் பத்திப் படமும் இருக்கு. அது ஓடல.

சரி, 1961. சிவாஜிக்கு அது எப்படிப்பட்ட வருஷம்னு பாருங்க. பாவமன்னிப்பு, பாசமலர், ரெண்டும் அதே வருஷம், ரெண்டும் பெரிய வெற்றி. ரெண்டு வருஷம் முன்னாடி, 1959ல, இதே பி.ஆர். பந்துலு, இதே பத்மினி பிக்சர்ஸ், இதே சிவாஜி சேர்ந்து 'வீரபாண்டிய கட்டபொம்மன்' எடுத்து ஊரையே அலற விட்டிருந்தாங்க. கட்டபொம்மனோட பாஞ்சாலங்குறிச்சியும் வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரமும் பக்கத்துப் பக்கத்து ஊர். பஸ்ல போனா ரெண்டையும் ஒரே காலையில பார்த்துட்டு மதியச் சாப்பாட்டுக்குத் தூத்துக்குடி திரும்பிடலாம். அதே ஃபார்முலா, பக்கத்து ஊர் ஹீரோ. ம.பொ.சி. எழுதின வாழ்க்கை வரலாறு அடிப்படை, பாரதியார் பாடல்கள், ஜி. ராமநாதன் இசை. சிவாவா டி.கே. சண்முகம், பாரதியா எஸ்.வி. சுப்பையா, கலெக்டர் விஞ்சா ரங்காராவ், ஜெமினி, சாவித்திரி. தமிழ்ல சிறந்த படத்துக்கான தேசிய விருதும் வாங்குச்சு. ஆனா தியேட்டர்ல கூட்டம் இல்ல. பந்துலுவுக்கு நஷ்டம்.

(சின்ன இடைச்செருகல். மன்னார் வளைகுடாவுல அரசாங்கம் கடைசியா முத்துக்குளிப்பு நடத்தினதும் 1961லதான். பாண்டியர் காலத்துல இருந்து பேர் வாங்கின தொழில் முடிஞ்ச வருஷமும் இந்தப் படம் தோத்த வருஷமும் ஒண்ணு. இதுக்கு அர்த்தம் எதுவும் இல்ல. சொல்லாம இருக்க முடியல, அவ்வளவுதான்.)

நான் இந்தப் படத்தை முதல்ல பார்த்தது சுதந்திர தினத்துக்கு டிவியில போட்டப்ப. அரைத் தூக்கம். எங்க தலைமுறைக்குக் 'கப்பலோட்டிய தமிழன்' கட்டாயப் பாடம் மாதிரி. நல்ல படம்னு சொல்லலைன்னா தேசத்துரோகி. இந்த எபிசோடுக்காக முழுசா ரெண்டு தடவை பார்த்தேன். நேர்மையா சொல்றேன், நீளம். ஜெமினி, சாவித்திரி காதல் வர்ற இடங்கள்ல என் விரல் தானா ஃபார்வர்ட் பட்டனுக்குப் போகுது. மாடசாமி நிஜ மனுஷன், தலைமறைவாகிக் கடைசி வரைக்கும் போலீஸ் கையில சிக்காதவர். அவரைக் காதல் நாயகனா ஆக்கினது வியாபாரத்துக்கு. அதுவும் வியாபாரம் ஆகல. நிறைய காட்சி மேடை நாடகம் மாதிரி நிக்குது, கேமரா நகர மாட்டேங்குது.

ஆக, சினிமாவா இதுக்கு இருக்கிற பேர்ல பாதி வ.உ.சி.க்குக் கிடைக்க வேண்டிய மரியாதை, படத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கு. எனக்கு அதுல கோபம் இல்ல. ஆனா என் வருத்தம் வேற. நல்ல கதை எங்க இருக்கோ அங்க நாம யாரும் பார்க்கல. நமக்கு ஞாபகம் இருக்கிறது மேடைப் பேச்சும் செக்கும்தான். நடுவுல ஒரு கேங்ஸ்டர் படம் இருக்கு.

கேளுங்க. 1906. தூத்துக்குடி – கொழும்பு வழித்தடம். அந்த ஏரியா ஒரே ஒரு ஆளோட கையில. பேரு பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. தேயிலைத் தோட்டத்துக்குப் போற கூலிக்காரங்க, வியாபாரிங்க, மூட்டைங்க, எல்லாம் அவங்க கப்பல்லதான் போகணும், அவங்க சொன்ன விலைதான். இப்ப உள்ளூர் வக்கீல் ஒருத்தர் புதுசா உள்ள வர்றார். அக்டோபர் 1906ல சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவாகுது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. தலைவர் பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருத்தரே 8,000 பங்கு, அதாவது 2 லட்சம் ரூபாய், மொத்தத்துல அஞ்சுல ஒரு பங்கு. வ.உ.சி.யோட பதவி என்ன தெரியுமா? உதவிச் செயலாளர். 'கப்பலோட்டிய தமிழன்'னு சொன்னதும் நம்ம மனசுல வர்றது சுக்கான் பிடிச்சு நிக்கிற ஒத்தை மனுஷன். அந்தப் பேரைப் பரப்பினது ம.பொ.சி.யோட புத்தகம். நிஜத்துல அது பங்கு விக்க ஊர் ஊரா அலைஞ்ச ஒரு ஸ்டார்ட்டப் ஃபவுண்டர்.

சொந்தக் கப்பல் இல்ல, அதனால பம்பாய் ஷா லைன் கம்பெனிகிட்ட வாடகைக்கு எடுத்தாங்க. பழைய தாதா என்ன செய்வான்? சப்ளையரை மிரட்டுவான். ஷா லைன் மேல அழுத்தம் வந்தது, கப்பலைத் திருப்பி எடுத்துக்கிட்டாங்க. உடனே கொழும்புல இருந்து வேற கப்பல் வாடகைக்குப் பிடிச்சாங்க. இனி வாடகை சரிப்படாதுன்னு சொந்தக் கப்பலுக்காக வ.உ.சி. பம்பாய் போறார். 1907ல ரெண்டு கப்பல் வந்து சேருது, காலியா, லாவோ. ஒவ்வொண்ணுலயும் 1,300 சாதாரண வகுப்புப் பயணிகளும் 4,000 மூட்டையும் போகலாம்.

அடுத்து விலைப் போர். பிரிட்டிஷ் கம்பெனி டிக்கெட்டை ஒரு ரூபாய்க்கு இறக்குது. சுதேசி எட்டணா. அப்புறம் அவங்க இலவசமாவே ஏத்திக்கிட்டுப் போய், கூட ஒரு குடையும் கொடுக்கப் பார்த்தாங்கன்னு சொல்றாங்க. சிரிக்காதீங்க. முதல் மூணு ரைடு இலவசம்னு ஒரு ஆப் வந்து ஆட்டோ ஸ்டாண்டைக் காலி பண்ணினதை நாம நம்ம போன்லயே பார்த்திருக்கோம். காசு இருக்கிறவன் நஷ்டத்தைத் தாங்குவான், காசு இல்லாதவன் சாவான்.

அதுக்கும் மசியலைன்னா? கடைசி ஆயுதம் போலீஸ்.

1908 பிப்ரவரி 27, கோரல் மில் வேலைநிறுத்தம். ஹார்வி கம்பெனியோட பஞ்சாலை. கூலி கம்மி, வேலை நேரம் முடியாது, வார விடுமுறை கிடையாது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தினமும் கூட்டத்துல பேசுறாங்க. ஊரே தொழிலாளிங்க பக்கம் நின்னது. வேலைநிறுத்தத்தைக் குறை சொன்ன ஒரு வக்கீலுக்குச் சவரம் பண்ணிக்கிட்டிருந்தவர் பாதி முகத்தோட அவரை விட்டுட்டு எழுந்து போயிட்டாராம். இந்தக் கதையை எங்க ஆச்சி எனக்குச் சொல்லியிருக்காங்க, நேர்ல பார்த்த மாதிரி. ஆச்சி பிறக்கிறதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடி நடந்தது. மார்ச் முதல் வாரத்துல கம்பெனி இறங்கி வந்துச்சு. கூலி கூடுச்சு, ஞாயித்துக்கிழமை லீவு கிடைச்சது.

ஒரு வாரம்கூட ஆகல. மார்ச் 12, கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளிச்சது, துப்பாக்கிச் சூடு, நாலு பேர் செத்தாங்க. இந்த மார்ச் 13ஐப் பத்தி ஆ.இரா. வேங்கடாசலபதி எழுதின 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' நூலுக்கு 2024 சாகித்ய அகாதமி விருது கிடைச்சது. கண்டிப்பா படிங்க. ஜூலை 7, நீதிபதி பின்ஹே தீர்ப்பு, ரெண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் 40 வருஷம். மேல்முறையீட்டுல குறைஞ்சது. செக்கிழுத்தார். 1912 டிசம்பர்ல வெளிய வரும்போது, கம்பெனி மூடி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

தொழிலாளிங்க பக்கம் நின்னவர் மேல சட்டமும் போலீசும் பாயுது. நாயகனோட முதல் பத்து நிமிஷம் இதுதான். இந்தப் புள்ளியில இருந்து ரெண்டு படமும் ரெண்டு பக்கம் பிரியுது. நாயகன்ல மகன் கத்தியை எடுக்கிறான், ஜெயிக்கிறான், சாம்ராஜ்யம் கட்டுறான். வ.உ.சி. கதையில கத்தி கிடையாது. பங்குப் பத்திரம் இருக்கு, மனு இருக்கு, மேல்முறையீடு இருக்கு, தோல்வி இருக்கு.

'கப்பலோட்டிய தமிழ'னோட பெரிய தைரியம் அந்தத் தோல்வியைக் காட்டினது. சிறை வாசல்ல வ.உ.சி. வெளிய வர்றார். மாலை இல்ல, கூட்டம் இல்ல. தொழுநோயால உருமாறிப் போன சிவா நிக்கிறார். சிவாஜி அந்த இடத்துல குரலை உயர்த்தவே இல்ல. பராசக்தி, கட்டபொம்மன்னு வசனத்தால தியேட்டரை ஆட்டின மனுஷன், இங்க தோள் சுருங்கி, என்ன பண்றதுன்னு தெரியாம நிக்கிறார். நான் மேல சொன்ன குறை எல்லாத்தையும் இந்த ஒரு காட்சிக்காக வாபஸ் வாங்கிக்கலாமான்னு யோசிச்சேன். முழுசா வாங்க முடியல, ஆனா பாதி வாங்கிக்கிறேன்.

ஏன் ஓடலைன்னு நிறைய காரணம் சொல்றாங்க. தீபாவளிக்குச் சோகப் படமான்னு ஒண்ணு. கட்டபொம்மன் மாதிரி கலர் இல்ல, இது கறுப்பு வெள்ளைன்னு ஒண்ணு. எனக்குத் தோணுறது வேற. கட்டபொம்மனும் தோத்தவர்தான், கயத்தாறுல தூக்குல தொங்கினவர். அந்தப் படம் ஓடுச்சு. தூக்குக்கயிறை ஜனம் ஏத்துக்கும், அதுல ஒரு கம்பீரம் இருக்கு. கம்பெனி திவாலாகி, வக்கீல் சன்னது பறிபோய், ஜெயிலுக்கு அப்புறம் மெட்ராஸ்ல மளிகைக் கடை வெச்சுக் கஷ்டப்பட்ட மனுஷனை ஏத்துக்கிறது கஷ்டம். அவர் 1936 வரைக்கும் இருந்தார்ங்கிறதுதான் பிரச்சினை. ஹீரோ சரியான நேரத்துல சாகணும். வ.உ.சி. 24 வருஷம் லேட்.

அதனால என் தீர்ப்பு, தீர்ப்புன்னு சொல்ல எனக்கு என்ன அருகதைன்னு விட்டுடுங்க, இதுதான். நாயகன் சினிமாவா தன் பேருக்கு முழுத் தகுதி. 'ஒரு தமிழ் தாதாவோட உண்மைக் கதை'ங்கிற பேருக்குத் தகுதியே இல்ல. சாராயத்தை மறைச்சு, இல்லாத ஒரு போராளி அப்பாவைக் கொடுத்திருக்கு. 'கப்பலோட்டிய தமிழன்' சினிமாவா பாதித் தகுதி. ஆனா அது காட்டின தோல்விக்குக் கிடைக்க வேண்டிய பேர் இன்னும் கிடைக்கல. நாம அதுக்குக் கொடுத்தது ஆகஸ்ட் 15 காலை பத்தரை மணி ஸ்லாட். 2011ல துறைமுகத்துக்கு வ.உ.சி. பேரை வெச்சோம், நல்லது. ஆனா ஊர் பேரைச் சொன்னதும் சென்னையில ஒருத்தருக்கு ஞாபகம் வர்றது 40,000 பங்கு இல்ல, அருவா.

போன மாசம் ஒரு கேட்பவர் எழுதியிருந்தார், "கேங்ஸ்டர் படம் பார்த்து யாராவது கெட்டுப்போறாங்களா, சும்மா என்டர்டெயின்மென்ட்தானே ப்ரோ?" கெட்டுப்போறதைப் பத்தி எனக்குத் தெரியாது ப்ரோ. ஞாபகத்தைப் பத்தி மட்டும் தெரியும். ஸ்டோரேஜ்ல இடம் கம்மி, புது ஃபைல் பழசு மேல எழுதிடுது.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுல 1961ல இந்தப் படத்தைத் தியேட்டர்ல பார்த்த தாத்தா, பாட்டி, ஆச்சி யாராவது இருந்தா, தியேட்டர் எப்படி இருந்துச்சு, எத்தனை பேர் இருந்தாங்க, பாதியில யாராவது எழுந்து போனாங்களான்னு கேட்டு ஒரு குரல் பதிவு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல போடுறேன்.

தாராவி அத்தைக்கு 'கப்பலோட்டிய தமிழன்' லிங்க் அனுப்பியிருந்தேன். ரெண்டு ராத்திரியா பார்த்து முடிச்சுட்டு போன் பண்ணாங்க. சிவாஜியைப் பத்தி எதுவும் சொல்லல. காதல் சீனைப் பத்தியும் சொல்லல.

"எய்யா, அந்த ரெண்டு கப்பலும் என்னாச்சு?"

"கம்பெனியை மூடிட்டாங்க அத்தை. கப்பலை வித்துட்டாங்க."

"யாருக்கு?"

"ஒண்ணை அந்த வெள்ளைக்காரக் கம்பெனிக்கே வித்துட்டாங்கன்னு சொல்றாங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "சரிய்யா, குக்கர் விசில் அடிக்குது"ன்னு வெச்சுட்டாங்க.